வட்ட அம்புக்குறியை நான் ஏன் அமுக்கவில்லை

தம்பின்,
வெள்ளிக்கிழமை, முற்பகல்.

மதிப்பிற்கும் அன்பிற்கும் உரிய சம்பந்தி திரு. செல்லப்பா அவர்களுக்கு,

தம்பினிலிருந்து இராஜமாணிக்கம் கைகூப்பி எழுதிக்கொள்வது. தோட்டத்து மாரியம்மன் புண்ணியத்தில் நானும் தாயம்மாவும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம். மகள் மோகனா சிரம்பானில் வேலையில் இருக்கிறாள், சுகம். அங்கே ராசாவில் தாங்களும், சம்பந்தியம்மா பேபி அவர்களும், மாப்பிள்ளை நிஷாந்தனும், மூத்தவர் ரஜீவனும் அதே போல் சுகமாக இருக்க வேண்டும். சம்பந்தியம்மாவின் முழங்கால் வலிக்கு நான் கொடுத்தனுப்பிய தைலம் கேட்டதா? கேட்காவிட்டால் சொல்லுங்கள், இன்னும் காரமான தைலம் ஒன்று இருக்கிறது.

சுகத்தைப் பற்றி இதற்கு மேல் எழுத எனக்கு மனம் வரவில்லை, ஏனென்றால் இங்கே சுகம் இல்லை. சம்பந்தி, மண்டபம் போய்விட்டது. ஆவணி மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை, நம் பிள்ளைகளின் கல்யாணத்துக்கு நாம் குறித்த அதே நாளுக்கு, அம்பாங்கான் செண்பகம் மண்டபத்தை வேறு யாரோ எடுத்துவிட்டார்கள். அந்த ஞாயிறை விட்டால் அடுத்து புரட்டாசி, கல்யாணப் பேச்சையே எடுக்க முடியாது. புரட்டாசி முடியும்போது மாப்பிள்ளை நியூசிலாந்துக்கு வேலைக்குப் போய்விடுவார். அப்புறம் எப்போது வருவார், எப்போது லீவு கிடைக்கும் என்பதெல்லாம் அந்த ஊர் முதலாளிக்குத்தான் தெரியும். இதெல்லாம் தெரிந்தும் நான் கோட்டை விட்டேன். இதைப் போனில் சொல்லியிருக்கலாமே என்று தாங்கள் கேட்கலாம். போனில் தங்கள் குரலைக் கேட்டால் என் நாக்கு மேலே ஒட்டிக்கொள்ளும். தாங்களோ காலமெல்லாம் அரசாங்க ஆபீசில் கடிதம் வாங்கி, கடிதம் போட்டவர். கடிதம் என்றால் முழுவதும் படித்து முடித்துவிட்டுத்தான் கோபப்படுவீர்கள் என்று எனக்கு ஒரு நம்பிக்கை. தயவுசெய்து அப்படியே செய்யவும்.

நிச்சயதார்த்தத்தன்று நடந்தது தங்களுக்கு நினைவிருக்கும். தட்டு மாற்றி முடித்து எல்லாரும் பந்தியில் உட்கார்ந்திருந்தோம். செண்பகம் மண்டபம்தான் இரண்டு பக்கத்து ஆட்களுக்கும் தோது, ஆனால் அவர்கள் ஆவணித் தேதிகளை எல்லாம் ஒரே நேரத்தில் இணையத்தில் திறந்துவிடுவார்கள், கண்ணை மூடித் திறப்பதற்குள் தீர்ந்துவிடும் என்று தாங்கள் சொன்னீர்கள். உடனே ரஜீவன் பாயசத்தைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்து, “அங்கிள், உங்களுக்குக் கஷ்டம் எண்டா சொல்லுங்கோ, நான் ஃபோன்லயே செய்துவிடுறன்” என்றார். பிள்ளை நல்ல மனதோடுதான் சொன்னது, நான் மறுக்கவில்லை. ஆனால் அந்தக் ‘கஷ்டம்’ எனக்குச் சுருக்கென்று தைத்துவிட்டது. தங்கள் தகப்பனார் தோட்டத்து ஆபீசில் கணக்கெழுதும் கிராணியாக உட்கார்ந்திருந்த காலத்தில், என் தகப்பனார் ஆபீஸ் ஜன்னலுக்கு வெளியே தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றவர். அவர் மகனும் இவர் மகனும் இன்றைக்கு ஒரே பாயில் உட்கார்ந்து சம்பந்தம் பேசுகிறோம் என்ற பெருமையில் எனக்கு நெஞ்சு நிமிர்ந்திருந்த நேரம் அது. நிமிர்ந்த நெஞ்சோடு நான் வாயையும் திறந்துவிட்டேன். “கஷ்டமா, எனக்கா? இது பொண்ணு வீட்டு வேல தம்பி, நாங்கதான் செய்யணும். இன்டர்நெட்டுதானே, தெனமும் பாக்குறதுதான்லா” என்றேன். வீட்டுக்குத் திரும்பக் காரில் ஏறியதும் தாயம்மா என் பக்கம் திரும்பினாள். “தெனமும் எங்க வெச்சிப் பாக்குறீங்க? நானும் அந்த வீட்லதான் இருக்கேன்” என்றாள்.

உண்மையைச் சொல்கிறேன், எனக்கு அதுவரை வாட்ஸ்அப்பில் குரலைப் பதிந்து அனுப்பத் தெரியும், காலை வணக்கம் பூப்படம் அனுப்பத் தெரியும், அவ்வளவுதான். மறு வாரமே தம்பின் பாசாருக்குப் பக்கத்தில் வயதானவர்களுக்கு இலவசமாகக் கம்ப்யூட்டர் சொல்லித்தரும் நிலையத்தில் போய்ச் சேர்ந்தேன். துணைக்கு முனியாண்டியையும் இழுத்துக்கொண்டு போனேன். முனியாண்டி நான் தோட்டத்தில் ஆட்களை வேலை வாங்கும் மண்டோராக இருந்தபோது என் கும்பலில் எண்ணெய்ச் செம்பனைக் குலை வெட்டியவன், இப்போது பக்கத்து வீடு. தனியாகப் போய் அவமானப்படுவதைவிட, நம்மைவிடத் தெரியாத ஒருவன் பக்கத்தில் இருந்தால் ஒரு தெம்பு. ஆனால் அந்தப் படவா முதல் நாளே என்னைவிட வேகமாகத் தட்டினான்.

சொல்லிக்கொடுத்தவர் எல்லாரும் ‘சிக்கு’ என்று கூப்பிடும் மலாய் டீச்சர் நோராய்னி. தங்கமான பெண், பொறுமைக்கு இன்னொரு பெயர் வைக்கலாம். பிரவுசர் என்பது ஒரு வாசல், மேலே நீளமாக ஒரு பெட்டி இருக்கிறது, போக வேண்டிய இடத்தை அதில் எழுதி என்டரைத் தட்டினால் கொண்டுபோய் விடும் என்றார். இவ்வளவு பெரிய இடத்தில் போய்க் கேட்கும்போது மட்டுமரியாதை வேண்டாமா? நான் மலாயில், ‘மதிப்பிற்குரிய துவான் அவர்களே, நான் முன்னாள் மண்டோர் இராஜமாணிக்கம், தாங்கள் தயவுகூர்ந்து அம்பாங்கான் செண்பகம் மண்டபத்தை எனக்குக் காட்டும்படி மிகவும் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்’ என்று எழுதிவிட்டு, கையெழுத்துப் போட இடம் தேடிக்கொண்டிருந்தேன். என்டரைத் தட்டினால், வேலைக்கு விண்ணப்பக் கடிதம் எழுதுவது எப்படி என்று வரிசையாக வந்து நிற்கிறது. சிக்கு வந்து பார்த்தார். “அங்கிள், இங்கே யாரையும் கும்பிட வேண்டியதில்லை. மண்டபத்தின் பெயரையும் ஊரையும் மட்டும் எழுதுங்கள்” என்று எல்லாவற்றையும் அழித்துவிட்டார். ஆபீஸ் ஜன்னலில் போய் ‘மண்டபம், அம்பாங்கான்’ என்று மொட்டையாகச் சொல்லிவிட்டு நின்றால் தங்கள் தகப்பனார் என்ன செய்திருப்பார்? ஆனால் இது செய்கிறது சம்பந்தி, மண்டபத்தின் வாசல், மேடை, கார் நிறுத்துமிடம் எல்லாவற்றையும் படத்தோடு காட்டுகிறது. மரியாதையாகக் கேட்டால் காட்டாதாம், அதட்டிக் கேட்டால் காட்டுமாம்.

வகுப்பு முடிந்ததும் மூட வேண்டும், மேலே மூலையில் பெருக்கல் குறி இருக்கிறது, அதை அமுக்கினால் மூடிவிடும் என்றார் சிக்கு. தோட்டத்தில் வேலை முடிந்தால், கடைசி ஆள் வெளியே வந்து, தலை எண்ணிப் பார்த்த பிறகுதான் மண்டோர் கேட்டைச் சாத்துவான். உள்ளே ஓர் ஆள் நின்றுவிட்டால் யார் பதில் சொல்வது? நான் எழுந்து நின்று, தமிழிலும் மலாயிலுமாக, “எல்லாரும் கூகளப் பாத்து முடிச்சிட்டீங்களா? நான் மூடப் போறேன்” என்று உரக்கக் கேட்டேன். முனியாண்டி பதறிப்போய், “அண்ணே, மூடிறாதீங்கண்ணே! நான் இன்னும் உள்ளதான் இருக்கேன்!” என்று கத்தினான். மூலையில் உட்கார்ந்திருந்த சீனக் கிழவர் அவசர அவசரமாகக் கண்ணாடியையும் பையையும் எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டார். சிக்கு நோராய்னி சுவரைப் பார்த்துத் திரும்பி நின்று, முதுகு குலுங்கக் குலுங்கச் சிரித்துவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்து, நான் மூடுவது என் வாசலை மட்டும்தான் என்றும், மற்ற பேருக்கு ஒன்றும் ஆகாது என்றும் விளக்கினார். இருந்தாலும் எனக்கு அது மனதுக்குச் சமாதானம் ஆகவில்லை. அதனால் வீட்டில் மோகனாவின் பழைய லேப்டாப்பில் திறந்த எதையும் நான் மூடவில்லை. மேலே ஒன்றுக்குப் பக்கத்தில் ஒன்றாக டேப்புகள் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கின்றன.

அது போதாதென்று ஒவ்வொரு பக்கமும் வாசலிலேயே நம்மை நிறுத்தி, நான் உங்களுக்குச் செய்தி அனுப்பலாமா என்று கேட்கிறது. வீடு தேடி வந்து கேட்கிறவனை வேண்டாம் போ என்று சொல்லி எங்களுக்குப் பழக்கமில்லை. எல்லாருக்கும் சரி என்று அமுக்கினேன். இப்போது பகாங்கில் டுரியான் பழம் விற்கிறவன், பந்து விளையாட்டுக்காரன், வீட்டு மனை விற்கிறவன் என்று ஆளாளுக்கு டிங் டிங்கென்று கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறார்கள். கர்ப்பிணிகளுக்கான ஒரு பக்கத்தில் நான் எப்போது நுழைந்தேனோ தெரியாது, தினமும் காலையில், ‘இன்று உங்கள் குழந்தை ஓர் எலுமிச்சம்பழ அளவு வளர்ந்திருக்கிறது’ என்று எனக்குச் செய்தி வருகிறது. தாயம்மா அதை முதல் தடவை பார்த்துவிட்டு அன்று முழுவதும் என்னோடு பேசவில்லை. இன்னொரு நாள், நீங்கள் இருக்கும் இடத்தைத் தெரிந்துகொள்ளலாமா என்று ஒரு பக்கம் கேட்டது. தாயம்மா சமையற்கட்டிலிருந்து ஓடிவந்து, “ஊர் பேர மட்டும் சொல்லுங்க, வீட்டு நம்பரச் சொல்லாதீங்க. பக்கத்துல ஆளுங்க இருக்காங்கன்னும் சொல்லிருங்க” என்றாள்.

இவ்வளவு கூத்துக்கும் நடுவில் ஒரு பாடத்தை நான் கசடறக் கற்றேன். அந்த நீளப் பெட்டிக்குப் பக்கத்தில் வட்டமாக வளைந்த ஓர் அம்புக்குறி இருக்கிறது. திறந்தபோது எப்படி இருந்ததோ அப்படியேதான் பக்கம் காட்டிக்கொண்டிருக்கும், தானாக மாறாது. புதிதாக என்ன வந்திருக்கிறது என்று பார்க்க அந்த வட்டத்தை அமுக்க வேண்டும். “மூலா செமூலா” என்றார் சிக்கு, அதாவது மறுபடியும் முதலிலிருந்து. இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், தோட்டத்து ஆள், தெரியாமல் கெடுத்துவிட்டான் என்று தங்கள் பக்கத்தில் யாரும் சொல்லக் கூடாது. எனக்குத் தெரியும் சம்பந்தி. தெரிந்துதான் கெடுத்தேன்.

இந்தத் திங்கட்கிழமை மண்டபத்தின் பக்கத்தில் அறிவிப்பு வந்தது. ஆவணித் தேதிகள் வெள்ளிக்கிழமை காலை பத்தரை மணிக்குத் திறக்கும். நான் படித்துச் சொன்னதும் தாயம்மா சுவரில் தொங்கும் காலண்டரைப் பார்த்து, “அய்யய்யோ, வெள்ளிக்கெழம பத்தரைலேருந்து பன்னெண்டு இராகு காலமாச்சே!” என்று நெஞ்சில் கையை வைத்துக்கொண்டாள். நான் மண்டபத்து முதலாளிக்குப் போன் போட்டு, கொஞ்சம் முன்னால் திறக்கக் கூடாதா என்று கெஞ்சினேன். அவர் சீனர், நல்ல மனிதர். “அங்கிள், எங்க காலண்டர்ல பத்தரை ரொம்ப ரொம்ப நல்ல நேரம்லா! பாத்துதான் வெச்சேன்” என்றார். ஒரே பத்தரை மணி, அவருக்கு நல்லது, எனக்குக் கெட்டது. நான் என்ன செய்ய?

அப்புறம் எனக்கே ஒரு யோசனை வந்தது. இராகு காலத்தில் பயணம் புறப்பட வேண்டியிருந்தால் நம் ஆட்கள் என்ன செய்வார்கள்? நல்ல நேரத்திலேயே பையை எடுத்துப் பக்கத்து வீட்டில் வைத்துவிடுவார்கள். பயணம் அப்போதே தொடங்கிவிட்டதாகக் கணக்கு, பிறகு எந்த நேரத்தில் போனாலும் தோஷமில்லை. அதேபோல் மண்டபத்தின் பக்கத்தைப் பத்தரைக்கு முன்பே திறந்து வைத்துவிட்டால் காரியம் நல்ல நேரத்தில் தொடங்கியதாக ஆகிவிடும், பிறகு பத்தரைக்கு அமுக்குவது நடுவில் செய்கிற வேலைதானே? தாயம்மா இதைக் கேட்டுவிட்டு, கல்யாணமான நாளிலிருந்து முதல் தடவையாக, “உங்களுக்கும் மூள இருக்கு” என்றாள்.

ஆக இன்று காலை குளித்து, நெற்றி நிறைய விபூதி பூசிக்கொண்டு உட்கார்ந்தேன். தாயம்மா லேப்டாப்பைக் கிழக்குப் பார்க்க வைத்து, திரைக்கு மேலே நடு மத்தியில் சந்தனம் வைத்துக் குங்குமம் வைத்தாள். அங்கே ஒரு சின்ன கேமரா இருந்தது, அது இனி ஜென்மத்துக்கும் எதையும் பார்க்காது. புதுக் கார் எடுத்தால் சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைப்போமே, அதேபோல் மவுஸுக்கு அடியிலும் ஒன்றை வைத்து நசுக்கச் சொன்னாள். நசுக்கினேன். மவுஸ் பிசுபிசுவென்று மேசையோடு ஒட்டிக்கொண்டு திரையில் அம்பு நகர மறுத்தது. வேட்டி நுனியால் துடைத்துத் துடைத்து, பத்து மணி வாக்கில் ஒரு வழியாக மண்டபத்தின் பக்கத்தைத் திறந்தேன். நம் ஞாயிற்றுக்கிழமை அழகாகத் தெரிந்தது. அதன் கீழே பட்டன் சாம்பல் நிறத்தில், பத்தரைக்குத் திறக்கும் என்று எழுதியிருந்தது. முனியாண்டி நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்து, கால்பந்து பார்ப்பவன் மாதிரி பக்கத்தில் போட்டு உட்கார்ந்தான்.

பத்தரை ஆனது. பட்டன் சாம்பலாகவே இருந்தது. “அண்ணே, அந்த வட்டத்த அமுக்குங்க” என்றான் முனியாண்டி. நானும் கையைக் கொண்டுபோனேன். “அத அமுக்குனா என்னாவும்?” என்று கேட்டாள் தாயம்மா. “பக்கம் புதுசா வரும்க்கா.” “புதுசான்னா, இப்பதான் மொதல்ல தொறக்குற மாதிரியா?” முனியாண்டி தலையைச் சொறிந்தான். “அப்படின்னு இல்லக்கா, சும்மா பாக்குறதுதான்.” தாயம்மா அவனை விட்டுவிட்டு என்னைப் பிடித்துக்கொண்டாள். “நீங்க சொல்லுங்க, சிக்கு அதுக்கு என்ன சொன்னாங்க?” மாரியம்மன் படத்துக்கு எதிரில் உட்கார்ந்துகொண்டு நான் எப்படிப் பொய் சொல்வேன்? மூலா செமூலா என்றேன். “அதான் பாத்தேன்! மறுபடியும் மொதல்லேருந்துன்னா, நாம நல்ல நேரத்துல தொறந்தது அழிஞ்சி போய், இராகு காலத்துல ஆரம்பிச்ச மாதிரி ஆயிடும்ல? வேணாங்க. பொண்ணு கல்யாணங்க. அது தானா பச்சையாகும், கொஞ்சம் பொறுங்க” என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் கையை உதறிவிட்டு அமுக்க எனக்குத் தைரியம் வரவில்லை சம்பந்தி.

போனை ஸ்பீக்கரில் போட்டு சிக்கு நோராய்னியைக் கூப்பிட்டேன். பட்டன் பச்சையாகிவிட்டதா என்று கேட்டார். இல்லை சிக்கு, சாம்பல் என்றேன். வட்டத்தை அமுக்கினீர்களா என்று கேட்டார். முடியாது சிக்கு, நேரம் சரியில்லை என்றேன். “நேரம் சரிதான் அங்கிள், பத்தரை தாண்டிவிட்டதே” என்றார். தாண்டியதால்தான் சரியில்லை என்றேன். பாவம் அவர், அப்படியானால் இன்னொரு டேப்பில் புதிதாகத் திறந்து பாருங்கள் என்றார். தாயம்மா வாயில் கையை வைத்துக்கொண்டு, “அது வேற வாசலு! அது இதவிட மோசம்!” என்றாள். முனியாண்டி எழுந்துபோய் வாசலில் நின்றுகொண்டான், அவனால் பார்க்க முடியவில்லையாம்.

அந்த நேரத்தில் மோகனாவிடமிருந்து செய்தி வந்தது. “அப்பா, கெடச்சிருச்சா?” அவ்வளவுதான். வேலைக்கு நடுவில், யாருக்கும் தெரியாமல் போனை எடுத்துக் கேட்டிருக்கிறாள். அவளும் மாப்பிள்ளையும் இரண்டு வீட்டுக்கும் பயந்து, யாரிடம் எப்போது சொல்வது என்று எத்தனை வருடம் காத்திருந்தார்கள் என்பது தங்களுக்கும் தெரியும். நான்தான் முதலில் குறுக்கே நின்றேன், பிறகு தாங்கள் நின்றீர்கள். நாம் இரண்டு பேரும் விலகி வழிவிட்டு, இப்போது கடைசியில் ஒரு சாம்பல் பட்டன் குறுக்கே நிற்கிறது. எனக்குத் தாங்கவில்லை. தாயம்மா அம்மன் படத்தைப் பார்த்துக் கண்ணை மூடிக் கும்பிட்ட நேரம் பார்த்து, நடப்பது நடக்கட்டும் என்று வட்டத்தை அமுக்கிவிட்டேன். பக்கம் புதிதாக வந்தது. நம் ஞாயிற்றுக்கிழமை சிவப்பாக இருந்தது. யாரோ எடுத்துவிட்டார்கள். இராகு காலத்தில் அமுக்கிய பாவமும் எனக்கு, மண்டபம் போன பழியும் எனக்கு.

எடுத்தவன் எந்தக் குடும்பத்துக்காரனோ தெரியாது. பத்தரை அடித்ததும் பாய்ந்து எடுத்திருக்கிறான் என்றால் அவனுக்கு நாள் நட்சத்திரம், பெரியவர் சின்னவர் எதுவும் கிடையாது என்றுதான் அர்த்தம். இராகு காலத்தில் கூசாமல் மண்டபம் எடுத்த அந்தப் புண்ணியவான் வீட்டுக் கல்யாணத்தில் ரசம் தீர்ந்துபோகட்டும், மைக் கத்தட்டும், மாப்பிள்ளை வரும் கார் நடுவழியில் நிற்கட்டும். பெரிய சாபமாகக் கொடுக்க எனக்கு வாய் வந்தது, தாயம்மா தடுத்துவிட்டாள்.

சம்பந்தி, இனி நான் அந்த லேப்டாப்பைத் தொடுவதாக இல்லை. தங்களிடம் கேட்பது இதுதான். என்னை மன்னியுங்கள், என்மேல் உள்ள கோபத்தை என்னோடு நிறுத்திக்கொள்ளுங்கள், தேதியை மட்டும் தள்ளிப்போட்டுவிடாதீர்கள். தோட்டத்துக் கோயிலுக்குப் பக்கத்தில் ஒரு கூடம் இருக்கிறது. தகரக் கூரைதான், மழை பெய்தால் மேளம் கேட்காது, செம்பனை லாரி போனால் தூசி வரும். ஆனால் நான் ஆட்களை வைத்துத் தண்ணீர் தெளித்து, லாரிக்காரனிடம் சொல்லி அன்றைக்கு வேறு வழியில் போகச் செய்து, தங்கள் ஆட்கள் முகம் சுளிக்காதபடி பார்த்துக்கொள்வேன். வேண்டாம் என்றால் ரஜீவனையே வேறு மண்டபம் தேடச் சொல்லுங்கள். நான் வாயை மூடிக்கொண்டு, கஷ்டமாக இருந்தது தம்பி, நீயே செய் என்று சொல்லிவிடுகிறேன். மோகனாவுக்கு இன்னும் பதில் அனுப்பவில்லை. தாங்கள் சரி என்று ஒரு வார்த்தை சொன்ன பிறகுதான் அவளிடம் பேச எனக்கு முகம் இருக்கும்.

தாங்களும் சம்பந்தியம்மாவும் பேரன் பேத்தி எடுத்து, அவர்கள் லேப்டாப்பை உடைப்பதைப் பார்த்துச் சிரித்து, நூறு வயது இருக்க வேண்டும். பிள்ளைகளுக்கு எங்கள் ஆசீர்வாதம்.

இப்படிக்குத் தலைகுனிந்து,
இராஜமாணிக்கம்

பின்குறிப்பு: கடிதத்தை மடித்து உறையில் போடும்போது மணி பன்னிரண்டைத் தாண்டிவிட்டது. தாயம்மா, “இராகு காலம் முடிஞ்சிருச்சி. கெட்ட நேரத்துல அமுக்குனது அப்படியே நிக்கக் கூடாது. நல்ல நேரத்துல இன்னொரு தடவ அமுக்கிட்டு மூடி வைங்க, தோஷம் போகட்டும்” என்றாள். வெறுப்போடு வட்டத்தை அமுக்கினேன். சம்பந்தி, ஞாயிற்றுக்கிழமை பச்சை! எழுந்து நின்றுகொண்டே பெயரைத் தட்டினேன், போன் நம்பரைத் தட்டினேன், பட்டனை அமுக்கினேன். மண்டபம் உங்களுக்கு என்று வந்துவிட்டது! தாயம்மா அழுதாள், முனியாண்டி வாசலிலிருந்து ஓடிவந்து என்னைத் தூக்கிவிட்டான், நான் மோகனாவுக்கு, கெடச்சிருச்சிம்மா என்று அனுப்பினேன். உடனே சம்பந்தியம்மா பேபி அவர்களிடமிருந்து போன். “அண்ணை, கோவிக்காதையுங்கோ. உங்களால ஏலாது எண்டு நினைச்சு இவர் பத்தரைக்கே தன்ர பேரில மண்டபத்தை எடுத்துப்போட்டார். எனக்கு இப்பத்தான் சொன்னவர். இராகு காலத்தில எடுத்த மண்டபத்திலயோ என்ர பிள்ளை தாலி கட்டுறது எண்டு நான் சண்டை பிடிச்சு ரத்துச் செய்ய வைச்சன். திரும்ப எடுப்பம் எண்டு பார்த்தா, ஆரோ ஒரு பாவி அதுக்குள்ள எடுத்துப்போட்டான்!” என்று அழுதார்கள். அந்தப் பாவி நான்தான் தங்கச்சி என்றேன். ஆகவே மேலே நான் எழுதிய கூடம், தூசி, லாரி எதுவும் இப்போது இல்லை. ரசம் தீர்ந்துபோகட்டும் என்று ஒரு பத்தி வருகிறதே, அதையும் தாங்கள் படிக்காததுபோல் தாண்டிவிட வேண்டும். கிழித்துவிடலாம் என்றுதான் பார்த்தேன், அதன் பின்பக்கத்தில் மன்னிப்பு இருக்கிறது. என்னை நம்பாமல் எடுத்தது எனக்கு வருத்தமில்லை என்று சொன்னால் பொய். ஆனால் நான் தங்கள் இடத்தில் இருந்திருந்தால் நானும் என்னை நம்பியிருக்க மாட்டேன்.

இன்னொரு பின்குறிப்பு: தபாலில் போடும் வழியில் கோயில் படியில் உட்கார்ந்து எழுதுகிறேன். குருக்களிடம் சந்தோஷத்தைச் சொன்னேன். அவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “மண்டோரே, காலண்டர்ல போட்டிருக்கறது காலைல ஆறு மணிக்கு சூரியன் உதிக்கிற கணக்கு. இங்க நமக்கு ஏழு மணிக்கு மேலதானே வெளிச்சமே வருது? ஒரு மணி நேரம் தள்ளிப் பாக்கணும். இந்த ஊர்ல வெள்ளிக்கிழமை இராகு காலம் பதினொன்றரைலேருந்து ஒரு மணி வரைக்கும்” என்றார். ஆக, தாங்கள் பத்தரைக்கு எடுத்தது நல்ல நேரம். சம்பந்தியம்மா ரத்துச் செய்ய வைத்ததும், நான் பாய்ந்து எடுத்ததும் இராகு காலத்தின் நட்டநடுவில். குருக்களின் காலில் விழுந்து, யாரிடமும் சொல்லக் கூடாது என்று சத்தியம் வாங்கியிருக்கிறேன். இது நம் இரண்டு பேருக்குள் இருக்கட்டும். சம்பந்தியம்மாவுக்குத் தெரிந்தால் இதையும் ரத்துச் செய்யச் சொல்வார்கள், தாயம்மாவுக்குத் தெரிந்தால் மறுபடியும் என் கையைப் பிடித்துக்கொள்வாள். படித்ததும் இந்தக் கடிதத்தை மன்னிப்போடு சேர்த்துக் கிழித்துவிடுங்கள். தாலி ஏறும்வரை நம் இரண்டு வீட்டிலும் யாரும் எதையும் அமுக்க வேண்டாம்.